கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடுகிறேன்: நூலகத்தில் எங்கே தொடங்குவது?

கிந்தா_வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பாவின் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்து, பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அவர் புறப்பட்ட ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. அவர் பெயர் தெரியும், அவருடைய அப்பா பெயர் தெரியும். "சேலம் பக்கம்" என்று பாட்டி சொன்னது தெரியும். 1910 வாக்கில் ரஜுலா கப்பலில் வந்தார் என்று பெரியப்பா சொல்வார். அப்புறம், ஊரிலிருந்து வந்த ஒரு கடித உறை இருக்கிறது. உள்ளே கடிதம் இல்லை, தபால் முத்திரையும் பாதி அழிந்துவிட்டது.

இங்கே ஒரு பெரிய நூலகத்தில் வம்சாவளித் தேடலுக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். போய்க் கேட்டால் இங்கிலாந்து, அமெரிக்கக் குடும்பங்களுக்கான கையேடுகளை எடுத்துக் கொடுத்தார்கள். குடும்பப் பெயரை வைத்துத் தேடு, குடிக்கணக்கு ஏட்டைப் பார், தேவாலயப் பதிவேட்டைப் பார் என்றே எல்லாவற்றிலும் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயரும் இல்லை, அந்த ஏடுகளும் இல்லை. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு நூலகம் வழியாக ஏதாவது வழி உண்டா?

பங்காளி:

அம்மா, நூலகம் எல்லாம் அப்புறம். முதலில் உங்கள் குலதெய்வம் எது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். சாமி பெயர் மட்டும் போதாது, சாமி எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். சேலம், தருமபுரி பக்கம் ஒவ்வொரு கோயிலுக்கும் தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டு இருக்கும். இன்னார் வீடு இன்ன ஊரில் இருக்கிறது, இன்னார் கடல் தாண்டிப் போனார் என்று சொல்ல அங்கே ஆள் இருப்பார்கள். எங்கள் சொந்தத்திலேயே பர்மாவுக்குப் போன ஒரு கிளையை அப்படித்தான் கண்டுபிடித்தோம். எந்தக் காகிதமும் பார்க்கவில்லை.

பழைய_நூலகர்:

பங்காளி சொல்வதை நான் மறுக்கவில்லை, குலதெய்வம் பெரிய தடயம்தான். ஆனால் இந்த அம்மாவுக்கு அது தெரிந்திருந்தால் கேள்வியே வந்திருக்காது.

ஒன்றை முதலில் கவனியுங்கள். ரஜுலா கப்பல் ஓடத் தொடங்கியது 1926-ல். 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது. ஆகவே 1910 என்பதும் ரஜுலா என்பதும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. அவர் முதலில் வேறு கப்பலில் வந்து, பிறகு ஊருக்குப் போய்த் திரும்பும்போது ரஜுலாவில் வந்திருக்கலாம். அல்லது 1926-க்குப் பிறகுதான் முதன்முதலில் வந்திருப்பார். வீட்டில் யாருக்காவது தாத்தா பிறந்த ஆண்டு தெரியுமா? தாத்தா மலாயாவில் பிறந்தவரா, கைக்குழந்தையாக வந்தவரா? இந்தப் பதில் ஒன்றே காலத்தைப் பாதியாகக் குறுக்கிவிடும். குடும்பக் கதைகளில் கப்பல் பெயர் பெரும்பாலும் தங்கிவிடும், ஆண்டு நகர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

அடுத்து, அந்தக் கையேடுகள் ஏன் உங்களுக்குப் பொருந்தவில்லை என்பது. அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்களை 72 ஆண்டுகள் கழித்துத் திறந்துவிடுகிறார்கள். 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022-ல் வெளிவந்தன. இங்கிலாந்தில் 100 ஆண்டு. 1921-க்கு உரியதும் 2022-ல் வந்தது. அங்கே ஒரு நூலக உறுப்பினர் அட்டை இருந்தாலே, ஆன்செஸ்ட்ரி போன்ற கட்டணத் தளங்களை நூலகக் கணினியில் காசில்லாமல் பார்த்து இந்தத் தாள்களை எடுத்துவிடலாம். இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியாள் தாளை யாரும் பார்க்க முடியாது. அச்சில் வந்த மொத்தக் கணக்குகள் மட்டுமே நமக்குக் கிடைக்கும். கையேட்டின் முதல் அத்தியாயமே நமக்கு இல்லை.

அதற்காக நம் முன்னோர்கள் எழுத்தில் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களை நினைவில் வைப்பதற்காக யாரும் எழுதவில்லை. வரி வாங்க, கூலி கொடுக்க, கப்பலில் ஏற்ற, நிலத்தை அளக்க எழுதினார்கள். அந்த ஏடுகளில் தேட வேண்டும். அவை நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் இருக்கின்றன, 'வம்சாவளி' என்ற பலகையின் கீழே மட்டும் இருக்காது.

கப்பல்பட்டியல்:

ஐயா சொன்னதற்கு நேரடி உதாரணம் நேட்டால் கப்பல் பட்டியல்கள். தென்னாப்பிரிக்க உறவினர்களுக்காக நான் பல வருடமாக இவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் இருக்கும்.

ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் மனசு கலங்கும். ஒரே ஊர் பெயர் வரிசையாக நாலைந்து எண்களுக்கு எதிரே வரும். அண்ணன் தம்பிகளோ, பக்கத்து வீட்டுக்காரர்களோ ஒன்றாகப் புறப்பட்டிருக்கிறார்கள். அடையாளம் என்ற கட்டத்தில் "இடது முழங்காலில் தழும்பு" என்பது போல எழுதியிருக்கும். ஒரு தழும்பு, ஒரு மச்சம் என்று அவர்கள் உடம்பைப் பற்றி எழுத்தில் மிஞ்சியது அவ்வளவுதான்.

மொரிஷியஸ் போனவர்களுக்கு இன்னும் நல்ல வசதி. மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்ற ஏடுகள் இருக்கின்றன. 1860-களுக்குப் பிறகு வந்தவர்கள் பலருக்குப் புகைப்படமே உண்டு. ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர். சென்னையிலிருந்து ஆள் எடுத்தது 1903-க்குப் பிறகு. அந்தக் குடியேற்றச் சீட்டில் கிராமத்தோடு நெருங்கிய உறவினர் பெயரும் இருக்கும். ரீயூனியன், குவாதலூப், மார்தினிக் பக்கம் போனவர்கள் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போயிருப்பார்கள். பிரெஞ்சுக் கடல்கடந்த ஆவணக் காப்பகம் அந்தத் தீவுகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்திலேயே வைத்திருக்கிறது.

தேடும்போது ஒன்று முக்கியம். நம் பெயரை ஆங்கிலேயக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனுசாமி "மூன்சாமி" ஆகியிருக்கும், குப்புசாமி "கூப்பூசாமி" ஆகியிருக்கும். முழுப் பெயரைத் தட்டாமல் நடுவில் உள்ள மெய்யெழுத்துகளை மட்டும் வைத்துத் தேடுங்கள். அதைவிட நல்லது, ஜில்லாவையும் தாலுகாவையும் வைத்து வடிகட்டிவிட்டு, மிச்சத்தைக் கண்ணால் படிப்பது.

கிந்தா_வாசகி:

இவ்வளவு விவரமா! மிக்க நன்றி. அப்படியென்றால் மலாயாவுக்கும் இதுபோன்ற பட்டியல் இருக்குமா?

கப்பல்பட்டியல்:

வருத்தத்தோடு சொல்கிறேன், உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துக்கு அப்படி எதிர்பார்க்காதீர்கள். மலாயாவில் ஒப்பந்த முறை 1910-ல் முடிந்துவிட்டது. அதன் பிறகு 1938-ல் இந்திய அரசு தடை போடும் வரை நடந்தது கங்காணி முறை. கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்ப்பார், ஆவடி அல்லது நாகப்பட்டினம் டிப்போவில் சேர்த்து பினாங்குக்கோ போர்ட் சுவெட்டன்ஹாமுக்கோ அனுப்புவார்கள். அரசு அறிக்கைகளில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை வரும், ஆள் பெயர் வராது. பெயர் இருந்திருக்கக்கூடிய இடம் தோட்டத்துச் செக்ரோல், அதாவது ஆள்வாரி வேலை, கூலிப் பதிவேடு.

ஆனால் இதிலும் ஒரு பிடி இருக்கிறது. கங்காணி தன் ஊரையும் சுற்றுப்பட்டையும் சேர்ந்தவர்களைத்தான் பெரும்பாலும் கூட்டி வருவார். உங்கள் தோட்டத்துக்குக் கங்காணியாக இருந்தவர் குடும்பத்துக்கு ஊர் தெரிந்திருந்தால், உங்கள் ஊர் அதிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

மலையகக்_குரல்:

இலங்கைத் தோட்டப்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் கப்பல் பட்டியல் கிடையாது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தகரச் சீட்டு என்று ஒன்று கொடுத்தார்கள், கழுத்தில் கட்டிக்கொண்டு மண்டபம் முகாம் வழியாக வந்தார்கள். அதில் எந்தத் தோட்டம் என்று தெரியுமே தவிர ஊர் தெரியாது.

எங்களுக்குக் கைகொடுத்தது பிற்காலத்துக் காகிதங்கள். 1948-ல் குடியுரிமை போனது. 1949 சட்டப்படி குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்கள் எத்தனை வருடம் இங்கே இருக்கிறோம், எப்போது வந்தோம், குடும்பத்தில் யார் யார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானது. போனவர்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் கொடுத்தார்கள். எங்கள் சித்தப்பா வீட்டுக் கடவுச்சீட்டில் தாத்தாவின் சொந்தக் கிராமம், தாலுகா, ஜில்லா மூன்றும் தெளிவாக இருக்கின்றன. மூன்று தலைமுறையாக யாருக்கும் தெரியாமல் பெட்டியில் கிடந்தது.

குடியுரிமையைப் பறித்ததால் எங்கள் பாட்டன்மார் ஓடி ஓடிச் சேர்த்த காகிதங்கள் அவை. அந்த அலைச்சலை நினைத்தால் இன்றைக்கும் ஆறாது. அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

வாசகி அக்கா, மலாயாவிலும் 1957 சுதந்திரத்தையொட்டிக் குடியுரிமை எடுத்திருப்பார்களே? சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமைச் சான்று, பழைய இந்தியக் கடவுச்சீட்டு இதில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? பெரிய தாத்தா வீடு, அத்தை வீடு எல்லாம் கேளுங்கள். காகிதம் பெரும்பாலும் மூத்த மகள் வீட்டில் இருக்கும்.

வடமராட்சி:

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்காக ஒரு வார்த்தை. எங்களிடம் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்போம், நினைவு மலர் என்றும் போடுவார்கள். திதி வெண்பா, தேவாரம், பிறகு வாழ்க்கைக் குறிப்பு. இறந்தவரின் பெற்றோர், பாட்டன்மார், உடன்பிறந்தார், யார் யாரை எந்த ஊரில் கட்டினார்கள் என்பதெல்லாம் அதிலே வரும். கடைசிப் பக்கத்தில் வம்ச மரமே வரைந்திருப்பதும் உண்டு. அச்சிடும்போது இதை ஒரு ஆவணம் என்று யாரும் நினைப்பதில்லை. ஐம்பது வருஷம் கழித்து அதைப்போல ஒரு ஆவணம் வேறில்லை.

'நூலகம்' என்ற பெயரில் 2005-ல் தொடங்கிய மின்னூலகத்தில் இந்த நினைவு மலர்களைத் தனி வகையாகவே சேர்த்து வைத்திருக்கிறார்கள். யாரும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஜூன் 1 விடிவதற்குள் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் சிலவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதியே இருக்கவில்லை. வீட்டில் கிடக்கும் கல்வெட்டுகளைத் தயவுசெய்து வருடி (ஸ்கேன் செய்து) அவர்களுக்குக் கொடுங்கள்.

பங்காளி:

தமிழ்நாட்டில் அப்படி ஒன்று கிடையாது, ஆனால் கல்யாணப் பத்திரிகை உண்டே. அதிலும் ஊர், தாத்தா பெயர், தாய்மாமன் பெயர் எல்லாம் வரும்.

பழைய_நூலகர்:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அடிப்படையே கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததுதான். நூல்கள், இதழ்கள் மட்டுமல்ல. மற்றவர்கள் குப்பையில் போடும் அழைப்பிதழ், துண்டு விளம்பரம், நோட்டீஸ் எல்லாவற்றையும் சேர்த்தார். 1994-ல் அது நூலகமாக அமைந்தது. செட்டிநாட்டுக் குடும்பங்களைத் தேடுபவர்கள் கண்டிப்பாக விசாரிக்க வேண்டிய இடம்.

செய்தித்தாள்களையும் விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் 1935-ல் தொடங்கிய தமிழ் முரசு இருக்கிறது. கோயில் திருவிழா நன்கொடையாளர் பட்டியல், சங்கக் கூட்டம், மரண அறிவித்தல் என்று எளியவர்கள் பெயரும் அதில் வரும். ஆங்கிலப் பத்திரிகையில் தோட்டத் தொழிலாளி பெயர் வந்தால் பெரும்பாலும் நீதிமன்றச் செய்தியாகத்தான் வரும்.

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தையும் ஒருமுறை பாருங்கள், கட்டணம் இல்லை. சால்ட் லேக் சிட்டியில் உள்ள அவர்கள் நூலகம் நுண்படச் (மைக்ரோஃபிலிம்) சுருள்களை உலகம் முழுக்கக் கடனாக அனுப்பிக்கொண்டிருந்தது. 2017-ல் அதை நிறுத்திவிட்டு, வருடியவற்றை இணையத்தில் போடுகிறார்கள். சில படங்கள் வீட்டிலிருந்து திறக்காது, அவர்களோடு இணைந்த நூலகத்துக்குப் போனால் திறக்கும். உங்கள் ஊர் நூலகம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆனால் அங்கே பலர் தாங்களாகவே ஏற்றியிருக்கும் குடும்ப மரங்களை அப்படியே நம்பாதீர்கள். கருப்பன் மகன் முனியன் என்று சேலம் ஜில்லாவில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். பெயரும் தகப்பன் பெயரும் பொருந்தினால் மட்டும் போதாது. ஊர், வயது, உடன்பிறந்தார் இவற்றில் ஒன்றாவது கூடப் பொருந்த வேண்டும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே குடும்பத்தில் கருப்பன், முனியன், மறுபடி கருப்பன், மறுபடி முனியன் என்று வரும். எந்தத் தலைமுறைக் கருப்பன் என்று தெரியாமல் இரண்டு பேரை ஒருவராக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

கிந்தா_வாசகி:

வீடு வீடாகக் கேட்டேன். குடியுரிமைச் சான்று கிடைத்தது, அதில் "இந்தியா" என்று மட்டும் இருக்கிறது. தாத்தா இங்கேயே 1931-ல் பிறந்தவர், பிறப்புச் சான்று அத்தை வீட்டில் இருந்தது. ஆகவே ரஜுலா கதை சரியாக இருக்கலாம், 1910 தான் தவறு என்று தோன்றுகிறது. குலதெய்வத்தைப் பொறுத்தவரை "முனியப்பன்" என்றுதான் எல்லோருக்கும் தெரிகிறது, ஊர் யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் உறையை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முத்திரையில் ஆங்கிலத்தில் கடைசி எழுத்துகள் "பட்டி" என்று முடிகின்றன. முன்னால் இருப்பது மங்கிவிட்டது. பின்பக்கம் அனுப்பியவர் பெயர் தமிழில் இருக்கிறது. அவருடைய தகப்பன் பெயரும் கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயரும் ஒன்றே. ஊர் பெயர் எழுதியிருந்த மூலை கிழிந்திருக்கிறது.

பத்திரம்:

சார்பதிவாளர் அலுவலகம் பக்கத்தில் ஆவண எழுத்தர் வேலை பார்க்கிறேன். இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தேன், இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. அம்மா, உங்களுக்குக் கிடைத்திருப்பது பெரிய விஷயம். அனுப்பியவர் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணனோ தம்பியோ. இனிமேல் கொள்ளுத்தாத்தாவைத் தேடாதீர்கள், அந்த அண்ணன் தம்பியைத் தேடுங்கள்.

கப்பல் ஏறிப் போனவர் பெயர் ஊர்க் கணக்கில் இருக்காது. ஊரிலேயே இருந்துவிட்டவர் பெயர்தான் இருக்கும். நிலம் கால் ஏக்கர் இருந்தாலும் அவர் பெயர் பட்டாவில் வரும், கிராம நிலக் கணக்கான அ பதிவேட்டில் வரும், வாங்கினால் விற்றால் அடமானம் வைத்தால் பத்திரத்தில் வரும். பத்திரத்தில் நாங்கள் எப்போதும் "இன்ன தாலுகா, இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்றுதான் எழுதுவோம். நம் ஊரில் ஒரு மனிதரைத் தகப்பன் பெயரோடும் ஊரோடும் சேர்த்துக் கட்டிவைக்கும் எழுத்து அதுதான். அதிலும் பாகப்பிரிவினைப் பத்திரம் என்றால் கேட்கவே வேண்டாம். அண்ணன் தம்பி அத்தனை பேர் பெயரும் வரும். "நம்மில் மூத்தவர் வெகுகாலம் முன் மலாய் நாடு சென்று" என்று ஒரு வரி எழுதிவிட்டு அவர் பாகத்தை என்ன செய்வது என்று எழுதிய பழைய பத்திரங்களை நானே படித்திருக்கிறேன்.

வழி இதுதான். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் நகலாகும். அதற்கு இரண்டு அட்டவணை: ஒன்று ஆள் பெயர்வாரி, இன்னொன்று சொத்துவாரி. கட்டணம் கட்டினால் 1-ஆம் புத்தகத்தையும் அட்டவணையையும் யாரும் பார்க்கலாம் என்று 57-ஆம் பிரிவு சொல்கிறது. சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வில்லங்கம் பார்ப்பது இணையத்தில் இப்போது எளிது, ஆனால் அதில் பிற்காலத்துப் பதிவுகள்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டிய 1920, 30-களுக்குக் கையால் தேடச் சொல்லி மனு போட வேண்டும். சர்வே எண் கிடைத்தால் எஸ்.எல்.ஆர். என்னும் பழைய நிலத் தீர்வைப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். 1980-களில் நிலப் பதிவுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டம் வந்து எண்களும் பெயர்களும் மாறின. அதற்கு முந்தைய நில உடைமையாளர் யார் என்று எஸ்.எல்.ஆர். காட்டும்.

மலையகக்_குரல்:

நிலமே இல்லாதவர்கள் என்ன செய்வது? தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர் காணி இல்லாத குடும்பங்கள். பண்ணையாளாக இருந்தவர் பெயர் எந்தப் பட்டாவில் வரும்? இந்த வழி நிலம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்றால் பாதிப் பேர் வெளியே நிற்கிறோம்.

பத்திரம்:

உங்கள் கேள்வி நியாயமானது. நிலமில்லாதவர் பெயர் சில இடங்களில் வேறு விதமாக வரும். நத்தம் கணக்கில் வீட்டு மனைக்கு வரலாம், கடன் பத்திரத்தில் வரலாம், அடுத்தவர் சொத்தின் நான்கெல்லையில் "இன்னார் வீட்டுக்குக் கிழக்கு" என்று வரலாம். ஆனால் பலருக்கு இது எதுவும் இருக்காது என்பது உண்மை.

பழைய_நூலகர்:

மலையகக் குரல் கேட்டதை யாரும் மழுப்பிவிடக் கூடாது. நிலமில்லாதவர்களை, அதிலும் தீண்டாமைக்கு ஆளானவர்களை, ஊர்க் கணக்கு பெயர் சொல்லி எழுதவில்லை. அவர்களுக்கு உதவக்கூடிய எழுத்து இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, கப்பல்பட்டியல் சொன்ன ஒப்பந்தப் பட்டியல்கள். ஊர் எழுதாத பெயரை, உழைப்பை வாங்கியவன் தன் கணக்குக்காக எழுதி வைத்தான். மற்றது மிஷன் பதிவேடுகள். குடும்பத்தில் ஒரு கிளை கிறிஸ்தவம் தழுவியிருந்தால் ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயரும் ஊரும் இருக்கும். கொடைக்கானல் செண்பகனூரில் மதுரை இயேசு சபையின் காப்பகம் உண்டு. சி.எஸ்.ஐ. பங்குகளிலும் லுத்தரன் சபைகளிலும் பழைய பதிவேடுகளைச் சபைகளே வைத்திருக்கின்றன. பங்குத் தந்தைக்கோ ஆயருக்கோ முறையாகக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும்.

இங்கேதான் பங்காளியின் வழிக்கும் மதிப்பு கூடுகிறது. எழுத்து கைவிட்ட இடத்தில் வாய்மொழியைத்தான் பிடிக்க வேண்டும்.

பங்காளி:

அதைத்தானே ஐயா முதலிலிருந்து சொல்கிறேன். இன்னொன்று, ஜாதி என்ற கட்டம் இந்தப் பட்டியல்களில் இருக்கிறதே, அதை வைத்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்காதா?

கப்பல்பட்டியல்:

வேண்டாம். குமாஸ்தா கேட்டதையும் ஊகித்ததையும் எழுதிய கட்டம் அது. தமிழர் பலருக்கு எதிரே "மலபார்" என்று மட்டும் இருக்கும், தெலுங்கர் என்றால் "ஜென்டூ". அது மொழியைக் குறித்தது. டிப்போவில் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. கடல் தாண்டி ஒரு புது வாழ்க்கைக்குப் போகிற மனிதர் தன்னை வேறு பெயரில் சொல்லிக்கொண்டால், அதை நாம் மதிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஊரும் தகப்பன் பெயரும் போதும்.

கிந்தா_வாசகி:

எச்சில் பரிசோதனை செய்யச் சொல்லி ஒரு தோழி வற்புறுத்துகிறாள். மரபணுவில் ஊர் தெரியுமா?

பழைய_நூலகர்:

கிராமம் தெரியாது. அதே நிறுவனத்தில் பரிசோதனை செய்துகொண்ட தூரத்து உறவினர் இருந்தால் அவரைக் காட்டும், அவ்வளவுதான். ஊரில் இருப்பவர்களில் அதைச் செய்தவர்கள் மிகக் குறைவு. அந்தக் காசை வைத்துச் சேலத்துக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போகலாம்.

உறைக்கு வருகிறேன். "பட்டி" என்று முடியும் ஊர்கள் ஏராளம் என்று மலைக்காதீர்கள். தபால் நிலையம் உள்ள "பட்டி"கள் குறைவு. இந்தியத் தபால் நிலையங்களின் பட்டியல் அந்தக் காலத்தில் அச்சிட்டு வெளியிட்ட நூல், பெரிய நூலகங்களில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதிலிருந்து சேலம் ஜில்லாவில் பட்டி என்று முடியும் தபால் நிலையங்களை எழுதிக்கொள்ளுங்கள். அன்றைய சேலம் ஜில்லா மிகப் பெரியது. தருமபுரி பிரிந்தது 1965-ல், நாமக்கல் 1997-ல், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004-ல். ஆகவே இன்றைய வரைபடத்தில் சேலம் மாவட்டத்தை மட்டும் பார்த்தால் பாதி ஊர்கள் தப்பிவிடும். மாவட்ட விவரத் தொகுப்புகளான இரண்டு நூல்களை, 1918-ல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட கெசட்டியரையும், 1883-ல் லெஃபானு எழுதிய மானுவலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாலுகா எல்லை, சந்தை, ரயில் பாதை எல்லாம் அவற்றில் இருக்கும். சென்னையில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகத்தில் இந்த மாதிரி நூல்களைக் கேட்கலாம். கெசட்டியர்கள் பல 'இன்டர்நெட் ஆர்கைவ்' என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1909-ல் கட்டி முடித்த செங்கல் கட்டடம். சென்னை மாகாண அரசின் கோப்புகள், 1860-களின் இனாம் பதிவேடுகள், நில அளவைத் தீர்வைக் கணக்குகள் அங்கே உண்டு. ஆனால் ஊர் தெரியாமல் அங்கே போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். ஏடுகள் ஊர்வாரியாக, துறைவாரியாக, ஆண்டுவாரியாக இருக்கும், ஆள் பெயர்வாரியாக இருக்காது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிவிட்டுப் பயணச்சீட்டு எடுப்பது நல்லது.

நூலகத்துக்கு எழுதும் கடிதத்தில் குடும்பக் கதை முழுவதையும் எழுதாதீர்கள். "சேலம் ஜில்லா, 1926 முதல் 1940 வரை, பட்டி என்று முடியும் தபால் நிலையங்கள்" என்று ஒரே கேள்வி. அதற்குப் பதில் தர எந்த நூலகராலும் முடியும். "என் முன்னோரைக் கண்டுபிடித்துத் தாருங்கள்" என்று கேட்டால் நல்ல மனம் உள்ளவர்கூட எங்கே கை வைப்பது என்று தெரியாமல் தவிப்பார்.

வடமராட்சி:

முத்திரையைச் சாய்வான வெளிச்சத்தில் நாலு பக்கமிருந்தும் படம் எடுத்துப் பாருங்கோ. மை போனாலும் அச்சு அழுத்திய தடம் சில வேளை தெரியும். வருடியில் வைத்தால் தட்டையான வெளிச்சத்தில் அந்தத் தடம் மறைந்துபோகும்.

கிந்தா_வாசகி:

கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்தேன். முதல் எழுத்து ஆங்கில "பி" அல்லது "ஆர்" மாதிரி தெரிகிறது. நடுவில் இரண்டு எழுத்து ஒன்றுபோல் பக்கத்தில் நிற்கின்றன. தேதியில் 37 என்பது தெளிவாக இருக்கிறது. தபால் நிலையப் பட்டியல் கேட்டு இரண்டு நூலகங்களுக்கு எழுதிவிட்டேன். தோட்டத்துக் கங்காணியின் பேத்தி ஈப்போவில் இருக்கிறார் என்று அத்தை சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். பத்திரம் அண்ணா, ஊர் பெயர் கிடைத்ததும் அந்த மனுவை எப்படி எழுதுவது என்று உங்களிடம்தான் கேட்பேன்.

பத்திரம்:

தாராளமாகக் கேளுங்கள். கிராமம், அனுப்பியவர் பெயர், அவர் தகப்பன் பெயர், 1926 முதல் 1950 வரை என்று காலம் போட்டு ஆள் பெயர் அட்டவணையில் தேடச் சொல்லி எழுத வேண்டும். எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் அந்தக் கிராமம் அப்போது இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும், இன்றைக்கு வேறாக இருக்கும்.

பங்காளி:

கங்காணி வீட்டில் அவர்கள் குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது என்று மறக்காமல் கேளுங்கள் அம்மா. தபால் நிலையப் பட்டியல் வந்ததும் இங்கே போடுங்கள். அரூர், ஊத்தங்கரை பக்கம் பட்டி என்று முடிகிற ஊர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எந்தெந்த ஊரில் முனியப்பன் கோயில் இருக்கிறது, அங்கே வரி நோட்டு யார் கையில் இருக்கிறது என்று நான் விசாரித்துச் சொல்கிறேன்.